ஆற்றுக்கு அக்கரையில் ஓர் ஒலிப்பதிவுக்கூடம்: பிலடெல்பியா இசைக்குழுவின் இசைத்தட்டு வரலாறு

பிலடெல்பியா இசைக்குழுவின் முதல் இசைத்தட்டுகள் 1917 அக்டோபரில் பதிவாயின. பிராம்ஸின் ஹங்கேரிய நடனங்களில் ஐந்தாவதும் ஆறாவதும் அப்போது எடுத்துக்கொண்ட உருப்படிகள். நடத்தியவர் லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கி. இசைத்தட்டுக்கு வந்த முதல் அமெரிக்க சிம்பனிக் குழு இது அல்ல. சிகாகோ சிம்பனி 1916லேயே கொலம்பியா நிறுவனத்துக்கு வாசித்துக் கொடுத்துவிட்டது. பாஸ்டன் சிம்பனியும் அதே 1917 அக்டோபரில், பிலடெல்பியா பதிவு செய்த அதே விக்டர் நிறுவனத்துக்காகச் சில நாட்கள் முந்திக்கொண்டு வாசித்திருந்தது. ஆனால் அடுத்த அறுபது ஆண்டுகளில் ஒலிப்பதிவுத் தொழிலில் எந்தப் புதுமை வந்தாலும், அதைச் சோதித்துப் பார்க்கத் தேர்ந்தெடுத்த குழுக்களில் பிலடெல்பியா முதல் வரிசையில் இருந்தது. மின்சார ஒலிப்பதிவு, நெடுநேரத் தட்டு, ஸ்டீரியோ, பல தடங்களில் தனித்தனியாகப் பதிவது, டிஜிட்டல் பதிவு என்று ஒவ்வொன்றிலும் இந்தக் குழுவின் பெயர் வருகிறது.

இதற்கு முதல் காரணம் புவியியல். பிலடெல்பியா நகரம் டெலவேர் ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிறது. எதிர்க்கரையில், நியூஜெர்சி மாநிலத்தின் காம்டன் நகரத்தில், எல்ட்ரிஜ் ஜான்சன் 1901இல் விக்டர் டாக்கிங் மெஷின் நிறுவனத்தைத் தொடங்கினார். அது அமெரிக்காவின் மிகப் பெரிய கிராமபோன் நிறுவனமாக வளர்ந்தது. கிராமபோன் முன் காதைக் கூர்ந்து உட்கார்ந்திருக்கும் நாயின் படம், நம்மூரில் எச்.எம்.வி. தட்டுகளில் பார்த்துப் பழகியது, அமெரிக்காவில் விக்டரின் முத்திரை. இசைக்குழு தொடங்கியது 1900இல். அதாவது குழுவும் கம்பெனியும் ஏறத்தாழ ஒரே வயது. நியூயார்க் குழுவோ பாஸ்டன் குழுவோ பதிவுக்கு வர வேண்டுமென்றால் எண்பது, நூறு பேரையும் அவர்களுடைய வாத்தியங்களையும் ரயிலேற்ற வேண்டும். பிலடெல்பியாக் கலைஞர்கள் ஆற்றைக் கடந்தால் போதும். வேலை முடிந்ததும் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம்.

இரண்டாவது காரணம் ஸ்டோகோவ்ஸ்கி. லண்டனில் 1882இல் பிறந்தவர், தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துத் தொழிலைத் தொடங்கியவர். சின்சினாட்டி குழுவை நடத்திவிட்டு, 1912இல் முப்பது வயதில் பிலடெல்பியாவுக்கு வந்தார். இசைநடத்துநர்களில் பெரும்பாலோர் ஒலிப்பதிவுக் கருவியை ஒரு தொல்லையாகப் பார்த்த காலத்தில், அவர் அதைத் தானும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு வாத்தியமாகப் பார்த்தார். பொறியாளர்களைக் கேள்வி கேட்டு நச்சரித்தார். விசைகளைத் தானே திருக ஆசைப்பட்டார். பிற்காலத்தில் அது சில சங்கடங்களுக்கும் இடம் கொடுத்தது.

1917இல் ஒலிப்பதிவுக்கு மின்சாரம் வரவில்லை. ஒரு பெரிய கூம்பின் அகன்ற வாய்க்கு எதிரே வாசிக்க வேண்டும். ஒலி கூம்பு வழியாகக் குவிந்து, குறுகிய முனையில் உள்ள மெல்லிய தகட்டை அதிரச் செய்யும். தகட்டோடு இணைந்த ஊசி, சுழலும் தடித்த மெழுகுத் தட்டில் அந்த அதிர்வைப் பள்ளமாக வெட்டும். ஒலியின் சொந்த வலு ஒன்றுதான் இத்தனைக்கும் சக்தி. ஆகவே கூம்புக்கு அருகில் இருப்பவர் மட்டுமே கேட்பார். முழுக்குழுவைப் பதிய முடியாது என்பதால் சிறு குழுவாகச் சுருக்கி, நெருக்கியடித்து உட்கார வைத்தார்கள். டபுள் பாஸின் தாழ்ந்த சுரங்கள் ஊசியை எட்டாததால் அந்தப் பகுதியை டியூபா போன்ற ஊதுகருவிகளுக்குக் கொடுப்பது அன்றைய வழக்கம். வயலினுக்குப் பதில், மரப்பெட்டி இல்லாமல் உலோகக் கூம்பு பொருத்திய ஸ்ட்ரோ வயலினைப் பல ஒலிப்பதிவுக்கூடங்கள் பயன்படுத்தின. பெரிய முரசின் ஒரே அடி ஊசியைத் தடம் புரளச் செய்துவிடும் என்பதால் தாள வாத்தியங்களை அடக்கி வைத்தார்கள்.

வாசிப்பில் ஒரு பிசிறு விழுந்தாலும் ஒட்டிச் சரிசெய்ய வழியில்லை. மெழுகுத் தட்டை ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். தேறிய மெழுகுத் தட்டுக்கு மின்சாரம் கடத்தும் பொடியைப் பூசி, மின்முலாமிட்டு உலோக அச்சு எடுப்பார்கள். அந்த அச்சிலிருந்து அடுத்த அச்சு, அதிலிருந்து அழுத்தும் அச்சு. கடைசியில் சூடான அரக்குக் கலவையில் அழுத்தினால் கடைக்குப் போகும் தட்டு. அந்த அரக்கில் பெரும்பகுதி இந்தியக் காடுகளிலிருந்து கப்பலேறியது. காம்டனில் அழுத்திய பிராம்ஸ் தட்டிலும் அந்தக் காட்டுச் சரக்கு கலந்திருந்தது.

பன்னிரண்டு அங்குலத் தட்டின் ஒரு பக்கம் நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக மட்டுமே ஓடும். எனவே முதல் ஆண்டுகளின் பட்டியலில் சின்னச் சின்ன உருப்படிகளும், வெட்டிச் சுருக்கிய சிம்பனிப் பகுதிகளும்தான் நிறைந்திருந்தன. 1924இல் ஷூபர்ட்டின் ‘முற்றுப்பெறாத’ சிம்பனியையும், ரக்மானினோவே பியானோ வாசிக்க அவருடைய இரண்டாவது கான்செர்ட்டோவின் இரு பகுதிகளையும் பதிந்தது அந்தக் கூம்பைக் கொண்டு எட்டக்கூடிய உச்சம். இன்று அவற்றைக் கேட்பவர்களுக்கு முதலில் காதில் விழுவது உரசல். அதற்கு அடியில், ஒரு குழுவின் நிழல்.

மின்சாரம் வந்தது 1925இல். பெல் தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஜோசப் மேக்ஸ்ஃபீல்டும் ஹென்றி ஹாரிசனும், தொலைபேசிக்காகத் தாங்கள் உருவாக்கிய மைக்கையும் பெருக்கியையும் தட்டு வெட்டும் ஊசியோடு இணைத்துவிட்டார்கள். அந்த முறைக்கு விக்டர் நிறுவனம் உரிமம் பெற்றது. 1925 ஏப்ரல் 29 அன்று ஸ்டோகோவ்ஸ்கியும் பிலடெல்பியாக் குழுவும் சான்-சான்ஸின் ‘மரண நடன’த்தை அந்த முறையில் பதிந்தனர். ஒரு சிம்பனி இசைக்குழு மின்சார முறையில் பதிந்து வெளியிட்ட முதல் தட்டு இதுதான் என்று வரலாறு குறிக்கிறது. கூம்பின் முன் நெருக்கியடித்து உட்கார வேண்டிய தேவை தீர்ந்தது. தாழ்ந்த சுரங்களும் உச்ச சுரங்களும் தட்டில் ஏறின. ஆயினும் பழைய முறையில் குவிந்து கிடந்த சரக்கு விற்றுத் தீரும்வரை புதிய முறையைப் பெரிதாக விளம்பரப்படுத்த வேண்டாம் என்று கம்பெனிகள் எண்ணின. அந்த ஆண்டு நவம்பரில் புதிய கிராமபோன் பெட்டி கடைக்கு வந்தபோதுதான் முழு ஆரவாரம் தொடங்கியது.

அதுவரை காம்டனுக்குப் போய்வந்த குழு, இப்போது தன் சொந்த அரங்கிலேயே பதிவு செய்ய முடிந்தது. மைக்கை வைத்துவிட்டால் கம்பி வழியே ஒலியை எங்கும் கொண்டுபோகலாம். பிராட் வீதியில் 1857இல் திறந்த அகாடமி ஆஃப் மியூசிக், நெப்போலியன் லெப்ரன், குஸ்தாவ் ருங்கே ஆகிய கட்டடக் கலைஞர்கள் ஆப்பெராவுக்காக வடிவமைத்த அரங்கம். குதிரை லாட வடிவம், அடுக்கடுக்கான மாடங்கள், வெல்வெட் இருக்கைகள். பாடகரின் சொற்கள் தெளிவாகக் கேட்க வேண்டிய ஆப்பெராவுக்கு ஏற்ற இடம். ஆனால் சிம்பனிக்கு வேண்டிய எதிரொலி அதில் குறைவு. வில்லை எடுத்ததும் ஒலி அறுந்துவிடும்.

பிலடெல்பியாவின் புகழ்பெற்ற தந்திவாத்திய ஒலி இந்தக் குறையிலிருந்துதான் பிறந்தது என்று நீண்ட காலமாகச் சொல்லி வருகிறார்கள். அரங்கம் ஒலியைத் தாங்காததால் கலைஞர்கள் தங்கள் வில்லாலேயே அதைத் தாங்கப் பழகினார்கள் என்பது அந்த விளக்கம். இது பெருமளவு நம்பத்தக்கது. ஆனால் முழுக் கதை அல்ல. வயலின் வாசிப்பவர் எல்லோரும் ஒரே திசையில் வில்லை இழுக்க வேண்டும் என்ற விதியை ஸ்டோகோவ்ஸ்கி தளர்த்தினார். ஒருவர் வில்லைத் திருப்பும் நொடியில் பக்கத்திலிருப்பவர் இழுத்துக்கொண்டிருப்பார், இழை அறாது. முதல், இரண்டாம் வயலின்களை எதிரெதிரே வைக்காமல் இடப்பக்கத்தில் ஒன்றாக உட்கார வைத்தார். மைக்குகளின் இடத்தையும் பதிவில் ஒலிகளின் விகிதத்தையும் விடாமல் மாற்றிப் பார்த்தார். அரங்கில் கேட்டவர்களைவிடத் தட்டில் கேட்டவர்களே உலகெங்கும் அதிகம் என்பதால், ‘பிலடெல்பியா ஒலி’ என்று உலகம் அறிந்ததில் அரங்குக்கு இருந்த பங்கு மைக்குக்கும் இருந்தது.

1927 ஏப்ரலில் பதிந்த பாஹின் டி மைனர் ‘டொக்காட்டாவும் ஃப்யூகும்’ அந்த ஒலியின் முதல் முழு வெளிப்பாடு. ஆர்கனுக்காக எழுதியதை முழு இசைக்குழுவுக்கும் மாற்றி அமைத்தவர் ஸ்டோகோவ்ஸ்கியே. பாஹை இப்படி அலங்கரிக்கலாமா என்று தூய்மைவாதிகள் முகம் சுளித்தார்கள். தட்டு அமோகமாக விற்பனையானது. அதே ஆண்டில் பிராம்ஸின் முதல் சிம்பனி, பெத்தோவனின் ஏழாவது, ஃப்ராங்கின் சிம்பனி ஆகியவை முழுமையாக வந்தன. டிவோர்ஷாக்கின் ‘புதிய உலகம்’ சிம்பனியை 1925இல் பதிந்தவர் 1927இல் மறுபடியும், 1934இல் மூன்றாம் முறையும் பதிந்தார். கருவி மேம்பட்டால் பழைய பதிவு கிழடு தட்டிப்போகும் என்பதை அவர் மற்றவர்களுக்கு முன்பே உணர்ந்திருந்தார். 1933க்குள் பிராம்ஸின் நான்கு சிம்பனிகளும் பதிவாகிவிட்டன. ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘வசந்தச் சடங்கு’ 1929-30இல் பதிவானது; அதை அமெரிக்க மேடைக்கு 1922இல் முதலில் கொண்டுவந்ததும் இவரும் இக்குழுவும்தான்.

தட்டின் பக்கத்தை மாற்ற வேண்டிய தொல்லைக்குத் தீர்வும் குழுவின் வாசலுக்கு வந்தது. 1929இல் ஆர்.சி.ஏ. வானொலி நிறுவனம் விக்டரை வாங்கியது. 1931இல், பேசும் படங்களுக்கான தட்டுகள் ஓடிய வேகமாகிய நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்பதை வீட்டுக்கும் கொண்டுவந்தது ஆர்.சி.ஏ. விக்டர். முழு சிம்பனியை ஒரே தட்டில் தரும் அந்த வரிசைக்கு முன்னோடியாக வந்தது, ஸ்டோகோவ்ஸ்கியும் பிலடெல்பியாவும் வாசித்த பெத்தோவனின் ஐந்தாவது சிம்பனி. யோசனை சரி, நேரம் சரியில்லை. பொருளாதாரப் பெருமந்தம் நாட்டை முடக்கியிருந்தபோது, விலை உயர்ந்த புதுப் பெட்டி வாங்க ஆளில்லை. கனமான ஊசி தட்டையும் வேகமாகத் தேய்த்தது. சில ஆண்டுகளில் அந்த வரிசை ஓய்ந்தது. நெடுநேரத் தட்டு (எல்.பி.) மறுபடி உயிர் பெற 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வானொலியில் வேறு விதமான மோதல். 1929 அக்டோபரில் இக்குழு விளம்பரதாரர் ஆதரவோடு நாடு தழுவி ஒலிபரப்பியது. ஒலியின் அளவைக் கூட்டிக் குறைப்பவர் ஒரு பொறியாளர் என்பதைக் கண்டதும் ஸ்டோகோவ்ஸ்கிக்குப் பொறுக்கவில்லை. நடத்துவது நானா அவரா என்று கேட்டு, விசைப் பலகையைத் தன் முன்னே வைக்கச் சொன்னார். பொறியாளர்கள் எதனோடும் இணைக்காத ஒரு பலகையை அவர் முன் வைத்துச் சமாளித்தார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. உண்மையோ இல்லையோ, தொழில்நுட்பத்தை அவர் ஏற்றுக்கொண்ட விதத்துக்கு அது பொருத்தமான கதை.

அவருடைய ஆர்வத்துக்கு ஏற்ற பொறியாளர்கள் பெல் ஆய்வுக்கூடத்தில் கிடைத்தார்கள். ஹார்வி ஃப்ளெட்சரின் தலைமையில் இயங்கிய அந்தக் குழு, 1931இல் அகாடமி அரங்கின் அடித்தளத்தில் தன் கருவிகளை நிறுவியது. மேலே கச்சேரியோ ஒத்திகையோ நடக்கும். கீழே ஆர்தர் கெல்லரும் சகாக்களும் மெழுகில் பதிவார்கள். விற்பனைக்கு அல்ல, ஆராய்ச்சிக்கு. வழக்கமான தட்டில் பள்ளம் பக்கவாட்டில் நெளியும். இவர்கள் மேலும் கீழுமாக ஏறி இறங்கும்படி வெட்டினார்கள். மெழுகின்மேல் பொடிக்குப் பதில் மெல்லிய தங்கப் படலத்தைப் பூசினார்கள். அரக்குக்குப் பதில் செல்லுலோஸ் அசிடேட்டில் அழுத்தினார்கள். உரசல் அடங்கியது, கடைத் தட்டுகள் எட்டாத உயர் அதிர்வெண்கள் எல்லாம் பதிவாயின.

அடுத்த அடி இரு காதுகளை நோக்கி. 1932 மார்ச் 12 அன்று ஸ்கிரியாபினின் ‘பிரமீதியஸ்: தீயின் கவிதை’யை இரண்டு மைக்குகள் வழியாக, ஒரே தட்டில் இரு தனித்தனிப் பள்ளங்களாகப் பதிந்தார்கள். ஒன்று இடச்செவிக்கு, மற்றது வலச்செவிக்கு. கேட்பதற்கு ஒரே நேரத்தில் இரண்டு ஊசிகள். ஒரே பள்ளத்தின் இரு சுவர்களில் இரு ஒலிகளைச் செதுக்கும் உத்திக்கு இங்கிலாந்தில் ஆலன் ப்ளூம்லைன் 1931 டிசம்பரிலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். பின்னாளில் உலகம் ஏற்றுக்கொண்டது அந்த உத்தியை. ஆயினும் இன்று கையில் கிடைக்கும் மிகப் பழைய ஸ்டீரியோ இசைக்குழுப் பதிவுகளில் பிலடெல்பியாவின் ஸ்கிரியாபின் முன்னணியில் நிற்கிறது. பெல் ஆய்வுக்கூடம் இந்தப் பதிவுகளில் ஒரு பகுதியை 1979-80இல் இரண்டு எல்.பி. தட்டுகளாக வெளியிட்டபோதுதான் வெளியுலகம் அவற்றைக் கேட்டது.

1933 ஏப்ரல் 27 அன்று நடந்தது இதைவிடப் பெரிய காட்சி. குழு பிலடெல்பியா அகாடமியில் வாசித்தது. மேடையில் மூன்று மைக்குகள். அவற்றின் ஒலி மூன்று தனித் தொலைபேசிக் கம்பிகளில் வாஷிங்டன் நகரத்தின் கான்ஸ்டிடியூஷன் ஹாலுக்குப் போய், திரைக்குப் பின் வைத்த மூன்று ஒலிபெருக்கிகளில் கேட்டது. பிலடெல்பியாவில் கோலைப் பிடித்து நடத்தியவர் துணை இசைநடத்துநர் அலெக்சாண்டர் ஸ்மாலன்ஸ். ஸ்டோகோவ்ஸ்கி இருந்தது வாஷிங்டனில், விசைப் பலகையின் முன்னால். இம்முறை விசைகள் உண்மையிலேயே வேலை செய்தன. குழு வாசித்ததைவிட உரக்கவும், அதைவிட மெலிதாகவும் அவரால் கேட்க வைக்க முடிந்தது. தன் குழுவை விட்டு வேறு ஊரில் உட்கார்ந்து அதை நடத்திய அந்த மாலையை, அவர் வாழ்க்கையின் மிக இயல்பான கச்சேரி என்றே சொல்லலாம்.

வணிகப் பதிவும் இணையாக நடந்தது. ஷோன்பெர்க்கின் ‘குர்ரே பாடல்கள்’ அமெரிக்காவில் 1932 ஏப்ரலில் முதன்முறையாக அரங்கேறியது. பாடகர், கோரஸ், வாத்தியக்காரர் என்று ஏறத்தாழ ஐந்நூறு பேர். மந்தத்தின் உச்சத்தில், அந்தப் பிரம்மாண்டத்தை விக்டர் மேடையிலிருந்தே பதிந்து 14 தட்டுகளாக வெளியிட்டது. ரக்மானினோவ் இந்தக் குழுவின் ஒலியை மனதில் வைத்தே தன் பிற்காலப் படைப்புகளை எழுதினார். ‘பாகனினி ராப்சடி’ 1934 நவம்பர் 7இல் பால்டிமோரில் முதன்முறை ஒலித்தது. டிசம்பர் 24இல் அதே கலைஞர்கள், அவரே பியானோ வாசிக்க, காம்டனில் அதைத் தட்டில் ஏற்றிவிட்டார்கள். 1929இல் ‘இறந்தோர் தீவு’, 1939இல் மூன்றாவது சிம்பனி ஆகியவற்றை ரக்மானினோவே நடத்திப் பதிந்தார். ஓர் இசையமைப்பாளர் பியானோக் கலைஞராகவும் இசைநடத்துநராகவும் தன் படைப்புகளை ஒரே பெரிய குழுவோடு இத்தனை விரிவாக விட்டுச்சென்றது அரிது. ஸ்டோகோவ்ஸ்கி காலத்துத் தட்டுகள் அனைத்திலும் இன்றும் தேடிக் கேட்க வேண்டியவை இவையே. ஓபோவில் மார்செல் தபுத்தோ, புல்லாங்குழலில் வில்லியம் கின்கெய்ட் என்று அன்று வாசித்தவர்கள் நகரத்தின் கர்ட்டிஸ் இசைக்கல்லூரியில் ஆசிரியர்களாகவும் இருந்தார்கள். குழுவின் அடுத்த தலைமுறை அவர்களிடம் படித்துத்தான் வந்தது.

சினிமா பல தடப் பதிவைக் கொண்டுவந்தது. 1937இல் வெளிவந்த ‘நூறு ஆண்களும் ஒரு பெண்ணும்’ படத்துக்கான இசையைக் குழு அகாடமியில் பல தடங்களில் பதிந்தது. திரையில் தோன்றியதோ ஹாலிவுட்டின் வாத்தியக்காரர்கள். இந்த அனுபவம் டிஸ்னியின் ‘ஃபாண்டேசியா’வுக்கு முன்னோட்டம் ஆயிற்று. அதில் மிக்கி மவுஸ் தோன்றும் ‘மந்திரவாதியின் சீடன்’ பகுதி மட்டும் 1938இல் லாஸ் ஏஞ்சலஸ் கலைஞர்களோடு பதிவானது. ஏனையவை பிலடெல்பியாவினுடையவை. 1939இல் அகாடமியில் 33 மைக்குகளை நிறுவி, வயலின், செல்லோ, மரக் குழல், பித்தளை என்று பிரிவு பிரிவாகத் தனித்தனி ஃபிலிம் சுருள்களில் ஒலியாகப் பதிந்தார்கள். ஒலியைத் திரையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்த்தும் விசையை டிஸ்னியின் பொறியாளர்கள் இதற்காகவே உருவாக்கினார்கள். படம் 1940 நவம்பர் 13இல் நியூயார்க்கின் பிராட்வே தியேட்டரில் திறந்தபோது, அந்த ஒலியமைப்பை நிறுவும் செலவு மலைக்க வைத்ததால் மிகச் சில தியேட்டர்களே முழு வடிவத்தைக் காட்டின.

அதற்குள் குழுவின் தலைமை மாறிவிட்டது. 1936இல் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ள வந்த யூஜின் ஆர்மண்டி 1938இல் முழுத் தலைவரானார். ஸ்டோகோவ்ஸ்கி 1941இல் விலகினார். புடாபெஸ்டில் பிறந்த ஆர்மண்டி, நியூயார்க்கின் கேபிட்டல் சினிமாத் தியேட்டரில் வயலின் வாசித்தவர். 1931இல் உடல்நலம் குன்றிய இசைநடத்துநர் டோஸ்கானினிக்குப் பதிலாகப் பிலடெல்பியாவில் நடத்திப் பெயர் பெற்றவர். பிறகு மினியாபோலிஸில் ஐந்தாண்டுகள். அங்கே கலைஞர்களின் ஒப்பந்தம் தனி ஊதியமில்லாமல் பதிவு செய்ய இடம் கொடுத்ததால், விக்டர் அந்தச் சிறு குழுவை வைத்து மாலரின் இரண்டாவது சிம்பனியையே தட்டில் போட்டது. ஆக, ஆர்மண்டி பிலடெல்பியாவுக்கு வரும்போதே பதிவுக்கூடத்தில் பழுத்தவர். ஸ்டோகோவ்ஸ்கியின் மாந்திரீகம் அவரிடம் இல்லை. கடிகாரத்தைப் பார்த்து வேலையை முடிக்கும் ஒழுங்கு இருந்தது. கம்பெனிகளுக்கு வேண்டியதும் அதுவே.

இந்த மாற்றத்துக்கு இடையே நடந்தது டோஸ்கானினி பதிவுகளின் சோகம். 1941 நவம்பரிலும் 1942 தொடக்கத்திலும் அவர் வந்து இக்குழுவை நடத்தி, ஷூபர்ட்டின் ‘மகா’ சி மேஜர் சிம்பனி, டெபுஸியின் ‘கடல்’, சைகோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பனி, ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ‘மரணமும் உருமாற்றமும்’ முதலியவற்றை ஆர்.சி.ஏ.வுக்குப் பதிந்தார். அவருடைய சொந்த என்.பி.சி. குழுவின் முறுக்கான ஒலியோடு ஒப்பிட்டால், இங்கே அதே கண்டிப்பு, ஆனால் மேலே ஒரு மெருகு. கேட்டவர் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் வேறுபாடு இது. ஆனால் அச்சு எடுக்கும் கட்டத்தில் மூலத் தட்டுகள் கெட்டன. போர்க்காலத்தில் மூலப்பொருட்களுக்குத் தட்டுப்பாடு இருந்தது; இந்திய அரக்கு வரத்து சுருங்கியதால் இசைத்தட்டுக்கான அரக்கையே அரசு 1942இல் கடுமையாக வெட்டியது. உலோக அச்சுகளில் படிந்த குறைகள் ‘டிக்’ என்றும் ‘பட்’ என்றும் தொடர்ந்து இரைந்தன. டோஸ்கானினி அவற்றை வெளியிட ஒப்பவில்லை. மறுபடி பதியவும் வழியில்லாமல் போயிற்று: 1942 ஆகஸ்ட் 1இல் ஜேம்ஸ் பெட்ரில்லோவின் தலைமையில் இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவையே புறக்கணித்தது. டோஸ்கானினி 1957இல் மறைந்தார். ஷூபர்ட் சிம்பனி 1963இல் வெளிவந்தது. ஒவ்வொரு இரைச்சலாகக் களைந்து முழுத் தொகுப்பு வெளிவர 1970களின் பிற்பகுதி ஆயிற்று.

வேலைநிறுத்தம் பெரிய கம்பெனிகளுக்கு 1944 நவம்பரில் முடிந்தபோது பிலடெல்பியாக் குழு கொலம்பியா முகாமுக்கு மாறியிருந்தது. ஆர்.சி.ஏ.வில் டோஸ்கானினியின் குழுவும் குசெவிட்ஸ்கியின் பாஸ்டன் குழுவும் முன்னால் நின்றன. கொலம்பியாவில் முதல் நாற்காலிக்குப் போட்டியிட நியூயார்க் குழு ஒன்றே இருந்தது. இந்த மாற்றம் வேறொரு வகையிலும் லாபம். கொலம்பியா தன் மூலப் பதிவுகளை, 78 சுற்றுத் தட்டுக்கு நேரடியாக வெட்டாமல், பெரிய லாக்கர் தட்டுகளில் 33⅓ வேகத்தில் எடுத்து வைத்திருந்தது. 1948 ஜூனில் கொலம்பியா எல்.பி.யை அறிமுகப்படுத்தியபோது, ஆர்மண்டியின் போர்க்காலப் பதிவுகளையும் அதிகச் சேதாரம் இல்லாமல் புதிய தட்டுக்கு மாற்ற முடிந்தது.

அடுத்த இருபதாண்டுகள் உற்பத்தியின் பொற்காலம். காந்த நாடா வந்ததால் பிசிறு விழுந்த இடத்தை மட்டும் வெட்டி ஒட்டலாம். ஹவர்ட் ஸ்காட், பின் தாமஸ் ஃப்ராஸ்ட் முதலிய தயாரிப்பாளர்கள் இக்குழுவோடு ஆண்டு முழுதும் வேலை பார்த்தார்கள். அகாடமியின் வறண்ட ஒலி ஸ்டீரியோவுக்கு ஒவ்வவில்லை. ஆகவே பிராட்வுட் ஹோட்டலின் நடன அரங்கு, டவுன் ஹால் என்று எதிரொலி நிறைந்த இடங்களைத் தேடிப் போனார்கள். 1950களில் உலகம் காதலித்த ‘பிலடெல்பியா ஒலி’யில் பெரும்பகுதி ஒரு ஹோட்டல் கூடத்தில் பிறந்தது. குழு வாரந்தோறும் கச்சேரி செய்த அரங்கில் அந்த ஒலி கிடைக்காது.

பட்டியல் பெரிது, தரம் ஏறி இறங்கும். பெத்தோவன், மோட்சார்ட் பதிவுகள் பலவற்றை இன்று யாரும் தேடுவதில்லை. ரக்மானினோவ், சிபேலியஸ், சைகோவ்ஸ்கி, ஷோஸ்டகோவிச் என்று தடித்த தந்தி ஒலி தேவைப்படும் இடங்களில் ஆர்மண்டியை எளிதில் ஒதுக்க முடியாது. தனிக் கலைஞருக்குப் பக்கபலமாக நடத்தும்போது, அவருடைய மூச்சோடு போவதில் அவருக்கு நிகர் குறைவு. 1959 நவம்பரில் ஷோஸ்டகோவிச் நேரில் இருக்க, ரஸ்த்ரபோவிச் வாசித்த முதல் செல்லோ கான்செர்ட்டோ இதற்குச் சாட்சி. மாலரின் பத்தாவது சிம்பனிக்கு டெரிக் குக் அமைத்த முழு வடிவத்தை 1965இல் முதலில் பதிந்ததும் ஆர்மண்டியே. அதே கையால் அவர் சந்தைக்கும் வாரி வழங்கினார். மார்மன் டேபர்நாக்கிள் கோரஸோடு பதிந்த ‘குடியரசின் போர்ப்பாடல்’ 1959இல் பாப் பாடல்களின் விற்பனைப் பட்டியலில் பதின்மூன்றாம் இடம் வரை ஏறி கிராமி விருதும் பெற்றது. 1962இல் வந்த கிறிஸ்துமஸ் தட்டு அமெரிக்க வீடுகளில் டிசம்பர் தோறும் சுழன்றது. இசை விமர்சகர்கள் இவற்றுக்காக அவரை மன்னிக்கவில்லை. கலைஞர்களின் சம்பளத்துக்கு இவைதான் தோள் கொடுத்தன. 1960இல் விருந்தினராக வந்த ஸ்டோகோவ்ஸ்கி, ஃபாயாவின் ‘காதல் மந்திரவாதி’யையும் வாக்னரையும் ஸ்டீரியோவில் பதிந்துவிட்டுப் போனார். பதினெட்டு, பத்தொன்பது ஆண்டு இடைவெளிக்குப் பின்னும் குழு அவருக்கு வேறு விதமாக ஒலித்தது.

1968இல் குழு ஆர்.சி.ஏ.வுக்குத் திரும்பியது. அகாடமியிலேயே மறுபடி பதிந்து பார்த்து, ஒலி சரிவரவில்லை என்று விமர்சகர்கள் குறைகூற, பின்னர் வேறு கூடங்களுக்குப் போனார்கள். ஆர்.சி.ஏ. அப்போது அறிமுகப்படுத்திய, வளையும் அளவுக்கு மெல்லிய தட்டுகளும் பெயரைக் கெடுத்தன. ஷோஸ்டகோவிச்சின் கடைசி சிம்பனிகளை அமெரிக்காவில் முதலில் பதிந்ததும், 1973இல் மக்கள் சீனத்துக்குப் போன முதல் அமெரிக்க இசைக்குழு என்ற பெயரோடு ‘மஞ்சள் ஆறு’ பியானோ கான்செர்ட்டோவைத் தட்டில் கொண்டுவந்ததும் இந்தக் காலத்தின் கணக்கில் வரும். 1979 ஏப்ரலில் பார்டோக்கின் ‘இசைக்குழுவுக்கான கான்செர்ட்டோ’வை ஆர்மண்டி பதிந்தார், அது ஆர்.சி.ஏ.வின் முதல் டிஜிட்டல் சிம்பனிப் பதிவு. கூம்பின் முன்னால் தொடங்கிய குழு எண்களாக மாறிய ஒலி வரை வந்து சேர்ந்தது.

1980இல் பொறுப்பேற்ற ரிக்கார்டோ மூட்டி, ஒலி குழுவுக்கு அல்ல இசையமைப்பாளருக்கே உரியது என்று கருதியவர். பழைய தடித்த பூச்சைச் சுரண்டினார். இ.எம்.ஐ.க்காக அவர் பதிந்த பெத்தோவன் சிம்பனிகள் அனைத்தும் அந்த மாற்றத்தைக் காட்டுகின்றன. வொல்ஃப்காங் சவாலிஷ் தலைமையேற்ற 1993க்குப் பின், செவ்வியல் தட்டுகளின் சந்தை சரிந்தது. 1996இல் இ.எம்.ஐ. ஒப்பந்தம் முடிந்தது, கலைஞர்களின் ஒப்பந்தத்தில் ஒலிப்பதிவு வருமானத்துக்கு இருந்த உத்தரவாதம் கேள்விக்குள்ளானது. அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் அவர்கள் 64 நாள் வேலைநிறுத்தம் செய்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பிறகு வந்தவை சிறு முயற்சிகள்: இணையத்தில் நேரடிக் கச்சேரி, சொந்தமாக வெளியிட்ட ஷூமன் தொகுப்பு, 2005 முதல் பின்லாந்தின் ஒன்டீன் நிறுவனத்தோடு சில பதிவுகள், 2006இல் சொந்தத் தரவிறக்கக் கடை. 2011 ஏப்ரலில் குழு திவால் பாதுகாப்புக் கோரியது. அடுத்த ஆண்டு மீண்டது. யானிக் நெசே-செகான் தலைமையில் 2013இல் டாய்ச்ச கிராமபோனுக்காக வந்த முதல் தட்டில் ‘வசந்தச் சடங்கு’ம், ஸ்டோகோவ்ஸ்கி மாற்றியமைத்த பாஹும் இடம்பெற்றன. தனீல் த்ரிஃபோனோவின் பியானோவோடு ரக்மானினோவ் கான்செர்ட்டோக்களும் வந்தன. கறுப்பினப் பெண் இசையமைப்பாளர் ஃப்ளாரன்ஸ் பிரைஸின் முதல், மூன்றாம் சிம்பனிகளின் பதிவு 2022இல் கிராமி விருது பெற்றது. சோனி நிறுவனம் ஆர்மண்டியின் கொலம்பியா மோனோ பதிவுகளை 2021இல் 120 குறுந்தகடுகளாகவும், 1958 முதல் 1963 வரையான ஸ்டீரியோ பதிவுகளை 2023இல் 88 குறுந்தகடுகளாகவும் மூலநாடாக்களிலிருந்து மறுவெளியீடு செய்தது. அவற்றில் பல, எல்.பி. காலத்துக்குப் பின் முதன்முறையாகக் கடைக்கு வந்தவை.